தனித்தொகுதி கேட்கலாமா?

கேள்வி: எங்கள் பக்கத்தில் தோட்டத்துச் சனம் பாதி வெளியேறிவிட்டது. தேர்தல் முறையைத் திருத்தும்போது நமக்கென்று சில தொகுதிகளை ஒதுக்கச் சொல்லிக் கேட்டால் என்ன?
- ஒரு வாசகர், சுங்கை சிப்பூட், மலேசியா

பதில்: கேட்க வேண்டாம். உங்கள் ஆதங்கம் நியாயம்தான், ஆனால் இந்த மருந்து வேலை செய்யாது. நாட்டின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட இந்திய வாக்காளர்கள் பெரும்பான்மை இல்லை. ஒதுக்கிய தொகுதியில் நிற்பவர் நம்மவராக இருப்பார், அவரை ஜெயிக்க வைப்பது மற்றவர்களின் ஓட்டு. அப்புறம் அவர் யாருக்குப் பயப்படுவார்?

ரப்பர் பால்மரம் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர்கள் கிள்ளான், பினாங்கு, ஜொகூர் என்று தாமான் என்ற புறநகர்க் குடியிருப்புகளுக்கும் மலிவு வீடுகளுக்கும் போய்விட்டார்கள். பலரின் அடையாள அட்டையில் இன்னும் தோட்டத்து முகவரிதான். தேர்தலன்று பஸ் ஏறி வந்து ஓட்டுப் போட்டுவிட்டு ராத்திரியே திரும்புகிறார்கள். இப்படிச் சிதறிய சமூகத்துக்கு, தொகுதிக்கு ஒருவர் மட்டும் ஜெயிக்கும் முறையே பாதகம். தோற்றவருக்கு விழுந்த ஓட்டு அங்கேயே செத்துப்போகிறது. இது நம் பிரச்சினை மட்டுமல்ல. 2013 பொதுத்தேர்தலில் சுமார் 51 விழுக்காடு ஓட்டு வாங்கிய கூட்டணிக்கு 89 இடம், சுமார் 47 விழுக்காடு வாங்கிய கூட்டணிக்கு 133 இடம், ஆட்சியும்.

கேட்க வேண்டியது இதுதான்: இடங்களில் ஒரு பகுதியை, நாடு முழுவதும் கட்சிகள் வாங்கிய மொத்த ஓட்டின்படி பிரித்துக் கொடுங்கள். நியூசிலாந்து 1993-இல் மக்களிடமே வாக்கெடுத்து முடிவு செய்து, 1996 முதல் இதைப் போன்ற ஒரு முறையில்தான் தேர்தல் நடத்துகிறது. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதிக்கு, ஒன்று கட்சிக்கு. கட்சி ஓட்டால் கிடைக்கும் இடங்களுக்கு, கட்சி முன்கூட்டியே தரும் பட்டியலின் வரிசைப்படி ஆட்கள் போவார்கள். இங்கே அது வந்தால் சுங்கை சிப்பூட்டில் போட்ட ஓட்டும் சிலாங்கூரின் காப்பாரில் போட்ட ஓட்டும் ஒரே கணக்கில் சேரும்.

கூடவே, தொகுதிகளின் அளவும் சீராக வேண்டும். 2022-இல் சிலாங்கூரின் பாங்கித் தொகுதியில் மூன்று லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், சரவாக்கின் இகானில் முப்பதாயிரம்கூட இல்லை. 1957 அரசியலமைப்பில் இந்த ஏற்றத்தாழ்வு சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு இருந்தது. 1962-இல் தளர்த்தினார்கள், 1973-இல் எடுத்தே விட்டார்கள். அந்த வரம்பு திரும்ப வர வேண்டும்.

இதற்கெல்லாம் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும், நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 பேர் கை தூக்க வேண்டும். சரி, அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? அடுத்த முறை கோயில் திருவிழாவுக்கு வந்து மாலை போட்டுக்கொள்ளும் வேட்பாளரைக் கேளுங்கள்: இதற்கு நீங்கள் கை தூக்குவீர்களா, அப்படி வரும் கட்சிப் பட்டியலில் நம்மவரை எத்தனையாவது இடத்தில் போடுவீர்கள்?