பெத்தோங் மலைப்பாதையில் காரோட்டிப் போகலாமா? வாசகர் கேள்வி - பதில்

பள்ளி விடுமுறைக்கு பினாங்கிலிருந்து காரில் தாய்லாந்து எல்லை ஊரான பெத்தோங் போய், திரும்பும்போது பேராக்கிலுள்ள பாண்டிங் ஏரியையும் பார்க்க ஆசை. மூன்று நாள் போதுமா? எந்தப் பாதை நல்லது?
_ஜெலுத்தோங் வாசகர்_

போதும், ஆனால் மூன்று நாளும் விடியற்காலையிலேயே வண்டி கிளம்ப வேண்டும். பட்டர்வொர்த், கூலிம், பாலிங், பங்காளான் உலு, அங்கிருந்து புக்கிட் பெராப்பிட் சோதனைச் சாவடி. இதுதான் நேர்வழி. 1955 டிசம்பரில் மலாயா முதலமைச்சர் துங்குவும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கும் பேச்சுவார்த்தை நடத்திய பாலிங்கில், ஊருக்குப் பின்னால் சுண்ணாம்புப் பாறை மலை செங்குத்தாக நிற்கும். அதைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும்.

புக்கிட் பெராப்பிட், புக்கிட் காயு ஹீத்தாமைப் போன்ற பெரிய சாவடி இல்லை. இரவு முழுவதும் திறந்திருக்காது. தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதால், "இன்னும் நேரமிருக்கிறது" என்று கணக்குப் போட்டு எல்லையில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. போகும்போதும் வரும்போதும் நண்பகலுக்குள் எல்லையைக் கடந்துவிடுங்கள்.

இரண்டாம் இரவும் பெத்தோங்கிலேயே தங்குங்கள். மூன்றாம் நாள் காலை எல்லை தாண்டி பங்காளான் உலு, கிரிக், பாண்டிங். ஏரியைப் பார்த்துவிட்டு மீண்டும் கிரிக், லெங்கோங், கோலகங்சார் வழியாக வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால் இரவுக்குள் வீடு வந்துவிடலாம். கிரிக்கில் பெட்ரோல் நிரப்பாமல், பாண்டிங் போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். அது காட்டு யானைகள் கடக்கும் சாலை. பொழுது சாய்ந்த பிறகு வளைவைத் திரும்பினால் சாம்பல் நிற உடம்பு தார்ச்சாலையோடு கலந்து, கண்ணுக்கே தெரியாது. யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கை மின்னவிட வேண்டாம், படமெடுக்க இறங்கவே வேண்டாம். மெதுவாகப் பின்னால் வந்து வழிவிடுங்கள்.

பெத்தோங்கிலிருந்து அப்படியே யாலா வழியாக ஹாட்யாய் போய்விட்டால் என்ன?
_ஆயர் ஈத்தாம் வாசகர்_

குடும்பத்தோடு வேண்டாம். யாலா, பட்டாணி, நாராதிவாட் பகுதிகளில் 2004 முதல் ஆயுத வன்முறை ஓயவில்லை. போன வழியே திரும்புங்கள்.

என் காருக்கு இன்னும் வங்கிக் கடன் இருக்கிறது. எல்லை தாண்ட விடுவார்களா? என்னென்ன பத்திரங்கள் வேண்டும்?
_பட்டர்வொர்த் வாசகி_

விடுவார்கள். வங்கியிடமிருந்து காரை வெளிநாட்டுக்கு ஓட்டிச் செல்ல அனுமதிக் கடிதம் வாங்குங்கள். கடிதம் கைக்கு வரச் சில நாள் ஆகும், இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். கார் உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் தேவை.

மற்றவை: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடப்பிதழ், குழந்தைகளுக்கும் தனித்தனியாக. கார் கிரான் (பதிவுப் பத்திரம்), ஓட்டுநர் உரிமம். மலேசிய உரிமம் ஆசியான் ஒப்பந்தப்படி அங்கே செல்லும். கைப்பேசியில் இருக்கும் மின் உரிமத்தை மட்டும் நம்பாமல் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்து வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையப்பக்கம் என்றால் அது அரசுப் பக்கம் அல்ல.

காப்புறுதியில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். இரண்டு தனித்தனி விஷயங்களை ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதி விபத்தில் காயம்பட்டவர்களுக்கானது. எல்லையோரக் கடைகளில் வாங்கலாம். உங்கள் காரின் சேதத்துக்கு அது ஒரு காசும் தராது. அதற்கு, உங்கள் மலேசியக் காப்புறுதியைத் தாய்லாந்துக்கு நீட்டிக்கும் 101ஆம் எண் இணைப்பை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும்.

சாவடியில் தாய்லாந்து சுங்கத்துறை காருக்கு ஒரு தற்காலிக இறக்குமதித் தாள் தரும். அதைக் கடப்பிதழோடு வைத்துப் பத்திரப்படுத்துங்கள். திரும்பும்போது அதை ஒப்படைத்தால்தான் கார் வெளியேறிய கணக்கு முடியும். இன்னொன்று: வேப் சாதனம் காரில் எங்குமே இருக்கக் கூடாது. அதைக் கொண்டுபோவது தாய்லாந்தில் குற்றம்.

மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கிலிருந்து கருகிய வாடை வருகிறது. ஆட்டோ கியர் கார். பழுதா?
_புக்கிட் மெர்தாஜாம் வாசகர்_

பெரும்பாலும் பழுதில்லை, இறங்கும் முறைதான் தப்பு. 'டி'யில் போட்டு, காலை பிரேக்கின் மீதே வைத்துக்கொண்டு இறங்கினால் தேய்மானக் கட்டை சூடேறிப் பிடிப்பை இழக்கும். அடுத்து பிரேக் எண்ணெய் கொதிக்கும். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் எண்ணெய். ஈரமேறியபின் கொதிநிலை 140 வரை இறங்கலாம். கொதித்த எண்ணெயில் குமிழி உண்டாகும், குமிழி அழுந்தும், மிதி தரைவரை போகும், கார் நிற்காது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றியே ஆக வேண்டும். டாட் 4 போடலாம், புதிதில் 230, ஈரமேறினால் 155.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். உங்கள் கியர் தடத்தில் '2', 'எல்' (L), 'எஸ்' (S), 'பி' (B) என ஏதாவது ஒன்று இருக்கும். எஞ்சின் சத்தம் கூடும், பயப்பட வேண்டாம், அதுதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்கை அழுத்தி, வேகம் குறைந்ததும் முழுவதும் விட்டுவிடுங்கள். வாடை வந்துவிட்டால் சமதளத்தில் ஒதுக்கி பார்க்கிங்கில் (P) போட்டு அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான வட்டு வளைந்து போகும்.

பெத்தோங் பக்கத்து ஆயர்வெங் மலையில் மூடுபனியைப் பார்க்க எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? அங்கே எந்தப் பெட்ரோல் போடுவது?
_சுங்கை டுவா வாசகி_

பெத்தோங்கிலிருந்து 410ஆம் சாலையில் சுமார் ஒரு மணி நேரம். இருட்டில் வளைவுகள் என்பதால் தாய்லாந்து நேரம் காலை 4.30க்குக் கிளம்பிவிடுங்கள். எல்லையோரத்தில் கைப்பேசி மலேசியக் கோபுரத்தைப் பிடித்தால் மணி தானாக மாறிவிடும், அலாரம் தப்பாக அடிக்கும். ஒரு கைக்கடிகாரத்தைத் தாய்லாந்து நேரத்துக்குத் திருப்பிக்கொள்ளுங்கள்.

முதல்நாள் மழை பெய்து, இரவு வானம் தெளிந்து, காற்றில்லாமல் இருந்தால் பள்ளத்தாக்கில் பனி பஞ்சாக நிரம்பி நிற்கும். வெயில் ஏற ஏற அது கரைந்துவிடும். மேகம் மூடிய விடியலில் வெள்ளைச் சுவர் மட்டுமே தெரியும். அதனால்தான் இரண்டு இரவு தங்கச் சொன்னோம், ஒரு காலை தவறினால் மறு காலை இருக்கிறது. நவம்பர், டிசம்பர் கடும் மழையில் மண்சரிவு உண்டு, அந்த வாரங்களைத் தவிருங்கள்.

பெட்ரோலுக்கு "கேஸோஹால் 95" என்று கேளுங்கள். அதில் 10 விழுக்காடு எத்தனால் இருக்கும், இக்காலக் கார்களுக்குக் கெடுதல் இல்லை. இ20, இ85 குழாய்கள் விலை குறைவாகத் தெரியும். உங்கள் கார் கையேட்டில் அனுமதி எழுதியிருந்தால் ஒழிய அவற்றைத் தொடாதீர்கள். அவற்றிலுள்ள கூடுதல் எத்தனால் ரப்பர் குழாய்களை அரிக்கலாம்.