வாகன ஒலி: கேள்வியும் பதிலும்

கேள்வி: என் காரில் உள்ள இரண்டு சனல் அம்ப்ளிபயரை (அம்பை) பிரிட்ஜ் செய்து, அதாவது இரண்டு சனலையும் ஒன்றாக்கி, 12 அங்குல சப்வூபர் (பேஸ் ஸ்பீக்கர்) இரண்டைப் பூட்டியிருக்கிறேன். இரண்டும் 4 ஓம், ஒற்றைக் கொயில். பத்து நிமிடம் நன்றாக அடிக்கும். பிறகு சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். சூடு ஆறினால் மறுபடி வேலை செய்யும். அம்ப் பழுதா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: அம்பைக் கழற்றி விற்றுவிடாதீர்கள். அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. இரண்டு பிளஸ் வயரையும் ஒன்றாகவும், இரண்டு மைனஸ் வயரையும் ஒன்றாகவும் முறுக்கிக் கொடுத்திருப்பீர்கள். அப்படி இணையாகச் சேர்த்தால் மொத்தம் 2 ஓம். ஓம் என்பது மின்தடையின் அளவு, அது குறையக் குறைய அம்புக்குச் சுமை கூடும். பிரிட்ஜில் ஒவ்வொரு சனலுக்கும் அதில் பாதிதான் தெரியும், அதாவது 1 ஓம். இரண்டு சனல் அம்ப்களில் பெரும்பாலானவை பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே தாங்காது.

சந்தேகமென்றால் ஸ்பீக்கர் வயரை அம்பிலிருந்து கழற்றி, மல்டிமீற்றரை வையுங்கள். 4 ஓம் கொயில் ஒன்று தனியே 3.2 முதல் 3.7 வரை காட்டும். உங்களுடையது 1.7 அளவில் நின்றால் காரணம் இதுதான்.

பலர் உடனே தொடராக மாற்றச் சொல்வார்கள்: முதல் வூபரின் மைனஸை இரண்டாவதின் பிளஸுக்குக் கொடுத்து, மிஞ்சும் இரண்டு முனைகளையும் பிரிட்ஜுக்குக் கொடுப்பது. 8 ஓம் ஆகும், அம்புக்கு ஆபத்தில்லை. ஆனால் அப்போதும் ஒவ்வொரு சனலுக்கும் 4 ஓம்தான். பிரிட்ஜை எடுத்துவிட்டு சனலுக்கு ஒரு வூபராகக் கொடுத்தாலும் அதே 4 ஓம், அதே வாட்ஸ். வயரிங் எளிது என்பதால் நான் சொல்வது இரண்டாவது வழியைத்தான். ரேடியோவின் சப் அவுட் ஒன்றாக இருந்தால், வை வடிவ ஆர்சிஏ வயரால் இரண்டு சனலுக்கும் பிரித்துக் கொடுங்கள்.

அம்பின் முழுப் பலமும் வேண்டுமானால் வூபரைத்தான் மாற்ற வேண்டும். 4 ஓம் இரட்டைக் கொயில் வூபர் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் கொயில்களைத் தொடராக்கினால் தலா 8 ஓம். அவ்விரண்டையும் இணையாக்கிப் பிரிட்ஜுக்குக் கொடுத்தால் சரியாக 4. பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது 2 ஓம் இரட்டைக் கொயிலைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள், கவனம். அந்த ஜோடியை எப்படிச் சேர்த்தாலும் 4 ஓம் வராது.

ஒரே பெட்டிக்குள் ஒரு வூபரின் பிளஸும் மைனஸும் மாறினால் பேஸ் காணாமல் போகும். 1.5 வோல்ட் பட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பட்டரியின் பிளஸ் வூபரின் பிளஸில் பட்டால் இரண்டு வூபரின் கோனும் (முன்னால் அதிரும் பகுதி) வெளியே தள்ள வேண்டும். பிரிட்ஜின் மைனஸ் கிரவுண்ட் (காரின் இரும்பு உடலோடு சேரும் மைனஸ்) அல்ல. அது கார் பொடியில் (இரும்பு உடலில்) பட்டால் அம்ப் எரியும்.

அம்பின் கிரவுண்ட் வயரை 45 சென்ரிமீற்றருக்குள் முடியுங்கள். பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். வெள்ளவத்தை உப்புக்காற்றில் பூசாத போல்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும். கிரவுண்ட் தளர்ந்தாலும் அதே சிவப்பு விளக்குத்தான் எரியும்.

கேள்வி: டொயோட்டா ஆக்வா ஹைபிரிட் காரில் அம்ப் பூட்டலாமா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பூட்டலாம். 12 வோல்ட் பட்டரி பின்பக்கமே இருப்பதால் வயர் குறைவு. அதற்காகப் பியூஸை விட்டுவிடாதீர்கள். பட்டரிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். செம்மஞ்சள் வயர்கள் உயர் அழுத்த மின்சாரம், அவற்றின் அருகே துளை போடவே கூடாது. டாஷ்போர்டில் ரெடி (READY) விளக்கு எரியாமல் பாட்டுக் கேட்டால் அந்தச் சிறிய 12 வோல்ட் பட்டரி இறங்கிவிடும். பெரிய ஹைபிரிட் பட்டரி நிறைந்திருந்தாலும் கார் ஸ்டார்ட் ஆகாது.