கேட்டதும் சொன்னதும்: பூர்வீகம் எது?

கேள்வி: கோலாலம்பூரில் படிக்கும் என் மகளிடம், சென்னையிலிருந்து வந்து உடன் படிக்கும் பெண் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறாள். "சுங்கை சிப்புட்" என்றாளாம். "அது சரி, பூர்வீகம்?" என்று அடுத்த கேள்வி. மகளுக்குப் பதில் தெரியவில்லை. என் மாமியாரும் போய்விட்டார், இனி யாரைக் கேட்பது? இங்கேயும் ஒட்டாமல் அங்கேயும் ஒட்டாமல் போய்விட்டோமோ என்று மனம் உறுத்துகிறது.
(ஒரு தாய், சுங்கை சிப்புட்)

பதில்: என் ஊர்க்காரராகிவிட்டீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சென்னைப் பெண்மீது கோபம் வேண்டாம். தமிழ்நாட்டில் ரயிலில் எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது கேள்வி பூர்வீகமாகத்தான் இருக்கும். பெருநாள் நெருங்கினால் நம் மலாய் நண்பர்கள் "கம்போங் எங்கே?", அதாவது சொந்தக் கிராமம் எங்கே, என்று கேட்பதும் இதே ரகம்தான். "உன் நாட்டுக்குத் திரும்பிப் போ" என்பவனுக்காக முறைப்பைச் சேமித்து வையுங்கள்.

இப்போது உங்கள் மகளின் அடையாளக் கார்டை எடுங்கள். பன்னிரண்டு எண்கள் இருக்கும். முதல் ஆறு பிறந்த தேதி. கடைசி எண் இரட்டைப்படை, பெண் என்பதால். நடுவில் 08 என்று இருந்தால் நம் சுங்கை சிப்புட் இருக்கும் பேராக் மாநிலத்தில் பிறந்தவள் என்று அர்த்தம். சென்னைப் பெண்ணுக்கு அவள் சொன்ன முதல் பதிலில் ஒரு குறையும் இல்லை.

என்னைக் கேட்டால் உறுத்த வேண்டியது வேறு. என் கார்டிலும் 08 இருக்கிறது. ஆனால் ரப்பர் தோட்டத்தில் நான் பிறந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு) இருந்த இடத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கிறது. ரப்பர் பால்மரம் போயிற்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் போயிற்று, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை போயிற்று. மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் தனியாக நிற்கிறது. ஆடித் திருவிழாவுக்குக் கார்களில் போய் இறங்குகிறோம். பெருநாள் விடுமுறையில் ஊரே கம்போங்கிற்குக் கிளம்பும்போது, நம் பிள்ளைகள் தாமான் (நகரக் குடியிருப்பு) வீட்டில் தொலைக்காட்சி பார்க்கிறார்கள். போவதற்கு அவர்களுக்கு எந்தக் கம்போங் இருக்கிறது?

பூர்வீகம் தெரிந்தவர்களின் கதையையும் கேளுங்கள். என் பாட்டி 1937-ல் கங்காணி ஆள்கட்டிக்கொண்டு வந்த கூட்டத்தில் சேலம் பக்கத்திலிருந்து வந்தவர். அடுத்த ஆண்டே இந்திய அரசாங்கம் அப்படி ஆள் அனுப்புவதற்குத் தடை போட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் இந்தப் பகுதியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். ஜப்பான்காரன் காலத்தில் தாத்தா சயாம் ரயில்பாதை வேலைக்குப் போனார், திரும்பவில்லை. பாட்டிக்குக் கடைசிவரை சிவப்புக் கார்டுதான், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கு உரியது. அப்பாவுக்குக் குடிமகனுக்குரிய நீலம். ஒரே தகரப் பெட்டியில், ஒரே துணியில் சுற்றி, இரண்டும் கிடக்கும்.

1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று கெடுபிடி வந்தது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பக்கத்து வீட்டார் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறப் புறப்பட்டபோது எனக்கு ஆறு வயது. அவர்களுடைய வெள்ளாட்டை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஆடு கிடைத்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். அதுவோ மூன்று நாள் புல்லைத் தொடவில்லை; பூட்டிய அந்த வீட்டுக் கதவருகே போய் நின்று கத்திக்கொண்டே இருந்தது. அவர்களுக்குப் பூர்வீகம் நன்றாகத் தெரியும். தெரிந்த ஊருக்குத்தான் போனார்கள், அழுதுகொண்டே.

உங்கள் மகள் விரும்பினால் தேடட்டும். உறவில் மிக மூத்தவரிடம் குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள்; சில சமயம் ஊர்ப்பெயர் அதிலேயே ஒளிந்திருக்கும். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள் அம்மா.

கேள்வி: தங்கைக்குக் கோயிலில் தாலி கட்டியாயிற்று. பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மாப்பிள்ளை. அப்படி என்ன அவசரம்?
(வாசகர், பீடோர்)

பதில்: அவசரம்தான். முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவில்லாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் கணக்கு; தந்தையின் நீலக் கார்டு உதவாது. நான்கு தலைமுறை இங்கே வாழ்ந்த குடும்பத்தில், இந்த ஒரு காகிதம் இல்லாததால் நாடற்றவளாக நிற்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். மண்டபத்துக்கு முன்பணம் கட்ட ஆறு மாதத்துக்கு முன்பே ஓடுகிறோம். தேசியப் பதிவுத் துறைக்கு ஒரு காலை நேரம் போக முடியாதா? மாப்பிள்ளையிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.

கேள்வி: இந்தியாவும் மலேசியாவும் ஹாக்கி ஆடினால் யாருக்குக் கைதட்டுவீர்கள்? மழுப்பாமல் சொல்லவும்.
(வாசகர், தாப்பா)

பதில்: 1975-லேயே சொல்லிவிட்டேன். கோலாலம்பூரில் உலகக் கிண்ண அரையிறுதி ஆட்டம். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டு வாசலில் ஒரே வானொலி, சுற்றிலும் முப்பது பேர். கூடுதல் நேரம்வரை போய் 3-2 என்று இந்தியா ஜெயித்தது. பதினொரு வயதுப் பையன் நான், மூக்கைச் சிந்திக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பாட்டி ரப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்: "என்னடா, வந்தவன் ஜெயித்துவிட்டானா?"