உம்மணாமூஞ்சின்னா என்ன?

கேள்வி: சார், எங்க அத்தை என் 11 வயசு பொண்ண எதுக்கெடுத்தாலும் உம்மணாமூஞ்சின்னு சொல்றாங்க. சிடுமூஞ்சியும் இதுவும் ஒண்ணா? இது திட்டா, செல்லமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு தடவ 'உம்'னு சொல்லிப் பாருங்கம்மா. உதடு ரெண்டும் ஒட்டிக்கும், மூச்சு மூக்கு வழியா போகும், கண்ணு வரைக்கும் சிரிப்பு ஏறவே ஏறாது. அந்த முகத்தோடயே எந்நேரமும் இருக்கிறவங்கதான் உம்மணாமூஞ்சி. 'ஏன் உம்முனு இருக்க'ன்னு கேக்குறோம்ல, அந்த உம்தான் இது. அவன், அவ, யாருக்கும் அதே வார்த்தைதான்.

சிடுமூஞ்சி வேற. வாயத் தொறந்தாலே சுள்ளுனு விழுவாங்க, முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அழுமூஞ்சிக்கு தொட்டதுக்கெல்லாம் கண்ணுல தண்ணி. உம்மணாமூஞ்சி இந்த ரெண்டும் இல்ல, கல்யாணப் பந்தியில இலையில பாயசம் ஊத்துறப்பவும் அதே முகம், துக்க வீட்டுலயும் அதே முகம். ஒரு நாள் கோச்சுக்கிட்டு பேசாம இருந்தா அதுக்கு 'மூஞ்சிய தூக்கி வச்சிருக்கா'ன்னுதான் சொல்லணும், உம்மணாமூஞ்சின்னா அது சுபாவத்தையே சொல்றது. (சாயங்காலம் ஆனா இலைய மடக்கிக்கிற மரத்துக்கும் தூங்குமூஞ்சின்னு பேர் வச்சவங்க நம்மாளுங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச பேரு அது.)

சிரிச்சுப் பழகத் தெரியாதவங்களுக்கு இவ்வளவு பெரிய உலகம் பகல்லயே இருட்டா கிடக்குதுன்னு வள்ளுவர் 999-வது குறள்ல சொல்றார். அத படிக்கிறப்பல்லாம் அவர் திட்டுற மாதிரியே எனக்குத் தோணாது, அந்த இருட்டுக்குள்ள இருக்கிறவங்களப் பாத்து மனசு இரங்கி சொன்ன மாதிரிதான் இருக்கும்.

இப்ப உங்க பொண்ணு விஷயம். பாட்டி பேத்தி கன்னத்தக் கிள்ளிக்கிட்டே சொன்னா அது செல்லம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனா வர்றவங்க போறவங்க முன்னாடி தினமும் சொன்னா பிள்ளைக்கு அதுவே பேரா ஒட்டிக்கும், அத்தைகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. அதவிட முக்கியம், நல்லா வாயாடிக்கிட்டு இருந்த பொண்ணு கொஞ்ச வாரமா திடீர்னு இப்படி ஆகிருந்தா அதுக்கு இந்த வார்த்தையே பொருந்தாதும்மா, அது சுபாவம் இல்ல, உள்ள ஏதோ இருக்கு. ராத்திரி படுக்கும்போது தலையக் கோதிவிட்டு ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு மெதுவா கேளுங்க, சாப்பாடு தூக்கமும் கெட்டிருந்தா தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.