நைட்ல கார் ஓட்டும்போது தூக்கம் வராமல் இருக்க மாத்திரை உண்டா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 46. தாம்பரத்தில் குடியிருக்கிறோம். அம்மா திருநெல்வேலியில் தனியாக இருக்கிறார். மாதம் இரண்டு முறை, வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து இரவு 9 மணிக்குக் காரை எடுத்தால் விடிவதற்குள் ஊர் போய்ச் சேருவோம். போன மாதம் துவரங்குறிச்சி பக்கம் கண்ணை மூடித் திறந்த மாதிரிதான் இருந்தது. கார் மீடியனை உரசிவிட்டது. நான் தூங்கவில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். எடை கொஞ்சம் அதிகம், குறட்டை உண்டு. மூக்கு ஒழுகினால் செட்ரிசின் போடுவேன். தூக்கம் வராமலிருக்க மாத்திரை ஏதாவது சொல்லுங்கள்.

- வாசகர், தாம்பரம்

பதில்: நீங்கள் தூங்கியிருக்கிறீர்கள். முதலில் இதை ஒப்புக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதைக் குறுந்தூக்கம் என்போம். சில நொடிகளுக்கு மூளை உறங்கிவிடும். சிலருக்கு அப்போது கண்கள் திறந்தே இருக்கும். பார்வை மட்டும் பதியாது. 100 கி.மீ. வேகத்தில் 4 நொடி என்றால் கார் 110 மீட்டர் ஓடியிருக்கும். விபத்துப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், "லாரி திடீர்னு குறுக்க வந்துடுச்சு டாக்டர்" என்று ஒருவர் அழுதார். அது ஓரமாக நின்றிருந்த லாரி. அவர் பொய் சொல்லவில்லை. தூங்கிய அந்த நொடிகள் அவர் நினைவிலேயே இல்லை.

உங்கள் வெள்ளிக்கிழமையைக் கணக்குப் போடுவோம். காலை 6 மணிக்கு எழுந்திருந்தால், இரவு 11 மணிக்கு விழுப்புரத்தை நெருங்கும்போதே 17 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். அந்த நிலையில் கவனமும் கைகால் வேகமும், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கிராம் மது இருப்பவருக்கு இருக்கும் அளவுக்குத்தான் இருக்கும். நம் சட்டம் விடுவது 30 மி.கிராம் வரை. துவரங்குறிச்சியில் மணி 3 ஆகியிருக்குமே? நள்ளிரவு 2 மணியிலிருந்து விடியற்காலை வரை உடம்பே தூக்கத்தைக் கேட்டு அடம்பிடிக்கும் நேரம். குடிக்காத, பொறுப்பான ஒரு மகன் அம்மாவைப் பார்க்கப் போகிற வழியில் இந்த நிலையில் இருந்திருக்கிறீர்கள். அதுதான் எனக்குப் பதைக்கிறது.

நீங்கள் கேட்ட மாதிரி மாத்திரை தர மாட்டேன். சில தூக்க நோய்களுக்கு அப்படிப்பட்ட மருந்து உண்டு. தூங்காத இரவை ஈடுகட்ட அது இல்லை. ஜன்னலை இறக்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடத்துக்குத்தான். கொட்டாவி தொடர்ந்து வந்தால், கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்றே ஞாபகம் இல்லாவிட்டால், வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க்கில் நிறுத்துங்கள். இருட்டில் ரோட்டோரம் வேண்டாம். ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் அலாரம் வைத்துத் தூங்குங்கள். காபி வேலை செய்யவே கிட்டத்தட்ட அரை மணி ஆகும். எழுந்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். எழுந்ததும் ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். இது பக்கத்து ஊரில் அறை எடுக்கும் வரை தாங்கும். திருநெல்வேலி வரை தாங்காது.

செட்ரிசின் போட்ட அன்று ஓட்டவே ஓட்டாதீர்கள். சளி மாத்திரைகள், இருமல் சிரப்புகள் பலவற்றிலும் தூக்கம் வரவைக்கும் மருந்து உண்டு.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய குறட்டைதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. காலையில் வாய் வறண்டு, தலை கனத்து எழுந்திருக்கிறீர்களா? சிக்னலில் நிற்கும்போதே கண் சொக்குகிறதா? தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோயாக இருக்கலாம். அப்படியானால் 8 மணி நேரம் படுத்தாலும் தூக்கம் போதாது. ஓர் இரவுப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தூங்கும்போது மூச்சுப் பாதையைத் திறந்தே வைக்கும் சீபாப் கருவியும் எடைக் குறைப்பும் நல்ல பலன் தரும்.

அதுவரை வெள்ளி இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ போங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் நன்றாகத் தூங்கி, சனிக்கிழமை வெளிச்சம் வந்தபின் கிளம்புங்கள். அம்மா சில மணி நேரம் கூடுதலாகக் காத்திருப்பார். காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். குறட்டை நடுவில் எத்தனை நொடி மூச்சு நிற்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். இன்றிரவே இரண்டு நிமிடம் செல்போனில் பதிவு செய்து வைக்கச் சொல்லுங்கள்.