நெறியாளரை எதிர்த்து நிற்கலாமா?

கேள்வி: நான் இணைப் பேராசிரியர். பெண்ணியல் ஆய்வாளர்களுக்கான ஒரு சங்கத்தில் பதினோரு ஆண்டுகளாக உறுப்பினர். (உறுப்பினர் என்று பெயர்தான். சந்தாவை இரண்டு முறை நினைவூட்டினால்தான் கட்டுவேன்.) சங்கத்தின் தலைவர் என்னுடைய முனைவர் பட்ட நெறியாளர். குழந்தை பிறந்த பிறகு ஆய்வையே விட்டுவிட இருந்தவளை வீடு தேடி வந்து இழுத்துப் போனவர் அவர். தொடர்ந்து மூன்று முறை தலைவராக இருக்கிறார், மூன்று முறையும் 'ஒருமனதாக'. இந்த முறை இளைய உறுப்பினர்கள் சிலர் ஓர் அணியாகச் சேர்ந்து, என்னைத் தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்கிறார்கள். விஷயம் செயற்குழுவின் காதுக்குப் போய்விட்டது. 'ஓட்டுப் போட்டு ஜெயிப்பது ஆண்கள் நடத்தும் அரசியல், நாம் கலந்து பேசித்தான் முடிவெடுப்போம்' என்கிறார்கள் மூத்தவர்கள். மேடம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வாரம் ஒரு முறை வரும் போன் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் இருக்கிறது. எங்கள் துறையோ சின்னது, யார் வேண்டுமானாலும் வல்லுநராக வந்து உட்காரலாம். நான் நிற்பது துரோகமா? நிற்காமல் இருப்பது கோழைத்தனமா?

– பெயர் வேண்டாம்

பதில்:

அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதத்தில் என் மனசில் தங்கியது அந்தப் போன்தான். சங்க விதி, தேர்தல், பதவி உயர்வு எல்லாவற்றையும் அப்புறம் பேசலாம். நீங்கள் நிற்கக்கூடும் என்ற செய்தி உங்கள் மேடத்துக்கு உங்கள் வாயால் போகவில்லை. நாலு பேர் வழியாக, நாலு விதமான மசாலாவோடு போயிருக்கும். அவருக்கு வருத்தம் இருந்தால், அதில் பாதியாவது நீங்கள் போட்டியிடுவது பற்றியதாக இருக்காது, சொல்லாமல் இருந்தது பற்றியதாகத்தான் இருக்கும். அதனால் நேரில் போங்கள். முடிவெடுத்த பிறகு தகவல் சொல்லப் போக வேண்டாம். இப்போதே, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போங்கள். 'மேடம், என்னை நிற்கச் சொல்கிறார்கள், எனக்கும் ஆசை இருக்கிறது, உங்களிடம் பேசாமல் செய்ய மனசில்லை' என்று சொன்னால் போதும். இது அனுமதி கேட்பதாகாது. அந்த வித்தியாசம் உங்கள் குரலில் இருக்கட்டும்.

சரி, மூத்தவர்களின் வாதத்துக்கு வருகிறேன். அதைக் கேலி செய்து தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அதற்கு ஒரு நேர்மையான வரலாறு இருக்கிறது. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் எழுந்த பெண் விடுதலைக் குழுக்கள் பலவும் தலைவர் என்ற சொல்லையே வெறுத்தன. இடதுசாரி இயக்கங்களில் ஆண்கள் மேடையில் நிற்க, இவர்கள் தட்டச்சு செய்து காபி போட்டுக் கொடுத்த அனுபவத்திலிருந்து வந்த வெறுப்பு அது. நியூயார்க்கில் ஒரு குழு, யார் பேசுவது, யார் எழுதுவது என்பதையெல்லாம் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்தது. இரண்டு முறை பேசியவர்களே மூன்றாவது முறையும் பேசக்கூடாது என்பதுதான் நோக்கம்.

ஆனால் அதே இயக்கத்துக்குள்ளிருந்து, அந்தக் காலத்திலேயே, ஜோ ஃப்ரீமன் என்ற பெண்ணியவாதி ஒரு கேள்வி எழுப்பினார். 1970இல் உரையாகப் பேசி, பிறகு கட்டுரையாக வெளியாகி, இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வாதத்தின் சாரம் எளிமையானது. அமைப்பு விதிகளை எடுத்துவிட்டால் அதிகாரம் போய்விடாது, கண்ணுக்குத் தெரியாமல் மட்டும் போகும். முன்பே நண்பர்களாக இருப்பவர்கள் வெளியே பேசி முடித்துவிட்டுக் கூட்டத்துக்கு வருவார்கள். மற்றவர்களுக்கு ஏதோ நடக்கிறது என்று தெரியும், எங்கே நடக்கிறது என்றுதான் தெரியாது. அவரும் பழைய மேல்-கீழ் அடுக்குகளுக்கே திரும்பச் சொல்லவில்லை. பொறுப்பைச் சுழற்றிவிடுங்கள், தகவலை எல்லோருக்கும் பரப்புங்கள், பொறுப்பில் இருப்பவரைக் கேள்வி கேட்கும் உரிமையை மற்றவர்களிடம் வையுங்கள் என்றுதான் சொன்னார்.

உங்கள் சங்கத்தில் நடப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். 'கலந்து பேசி' என்கிறார்களே, யார் யாரோடு கலந்தார்கள்? உண்மையான ஒருமித்த முடிவு என்றால், முடிவால் பாதிக்கப்படும் எல்லோரும் அறையில் இருக்க வேண்டும், ஒருவர் 'எனக்குச் சம்மதமில்லை' என்றால் வண்டி நிற்க வேண்டும். மூன்று முறை ஒருமனதாக என்று மினிட்ஸில் எழுதியிருக்கிறார்கள். அந்த மூன்று முறையில் ஒரு முறையாவது தபாலிலோ மின்னஞ்சலிலோ உங்களிடம் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் அது ஒருமித்த முடிவு ஆகாது. வேறு வேட்புமனு வரவில்லை என்று மட்டும் அதற்கு அர்த்தம். சீட்டுக் குலுக்கிய குழுவோ ஒரே ஆள் திரும்பத் திரும்ப வராமல் தடுக்கத்தான் குலுக்கியது!

பெண்ணியச் சங்கம் என்பதால் மட்டும் இதெல்லாம் நடக்காமல் போய்விடாது. அமெரிக்காவின் தேசிய பெண்ணியல் கல்விச் சங்கம் 1977இல் தொடங்கியது. 1990இல் ஏக்ரன் நகரில் நடந்த அதன் மாநாட்டிலிருந்து, வெள்ளையரல்லாத பெண்கள் பலர் வெளிநடப்பு செய்தார்கள். சங்க அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பெண்ணின் பணிநீக்கத்தை ஒட்டி வெடித்த பிரச்சினை அது. உள்ளே யார் முடிவெடுக்கிறார்கள், யாருக்குக் குரல் இருக்கிறது என்ற கேள்வியை அதற்கு முன்பே தீர்த்திருந்தால் ஒரு பணியாளர் விவகாரம் அவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் கருத்து.

பொதுவான கல்விச் சங்கங்களின் கதை வேறு மாதிரி. அமெரிக்க வரலாற்றுச் சங்கம் 1884இல் உருவானது. அதன் முதல் பெண் தலைவர் நெல்லி நீல்சன் 1943இல் வந்தார். இரண்டாவது பெண், நடாலி ஸீமன் டேவிஸ், வந்தது 1987இல். நடுவில் நாற்பத்து நான்கு ஆண்டுகள். வாக்களிக்கும் உரிமை அப்போதும் உறுப்பினர்களிடம் இருந்தது. ஆனால் வாக்குச்சீட்டில் யார் பெயர் அச்சாகும் என்பது வேறொருவர் கையில் இருந்தால், அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பல சங்கங்களில் வேட்பாளர்களின் பெயரை முடிவு செய்ய நியமனக் குழு என்று ஒன்று இருக்கும். தேர்தலில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அதனால் உங்கள் சங்கத்தின் விதிப் புத்தகத்தை எடுத்து ஒரு முறை முழுசாகப் படியுங்கள். வேட்பாளரை யார் முன்மொழியலாம், வழிமொழிய எத்தனை பேர் வேண்டும், குழுவைத் தாண்டி உறுப்பினரே நேரடியாக மனு போட இடமிருக்கிறதா, ஒருவர் எத்தனை முறை தொடரலாம், வாக்கு ரகசியமா, தேர்தல் அதிகாரியை யார் நியமிக்கிறார்கள் என்றெல்லாம் பாருங்கள். தற்போதைய செயற்குழு உறுப்பினர் ஒருவரே தேர்தல் அதிகாரியாக இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். தோற்பவர்கள் முடிவை ஏற்றுக்கொள்ள வேண்டுமே, அதற்காக.

இதில் நான் அதிகம் கவலைப்படுவது வாக்காளர் பட்டியலைப் பற்றித்தான். நானும் ஒரு காலத்தில் ஒரு சின்ன சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். உறுப்பினர் பதிவேடு முந்தைய செயலாளரின் வீட்டு அலமாரியில் இருந்தது. அவர் ஊரில் இல்லை, சாவி அவர் மருமகளிடம். கடைசியில் கிடைத்த பதிவேட்டில் மூன்று பேர் இறந்து போயிருந்தார்கள், சந்தா கட்டிய பத்துப் பன்னிரண்டு பேரின் பெயரே இல்லை. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, ஆனால் விளைவு திட்டமிட்டது போலவே இருந்தது. ஆய்வு மாணவர்களும் ஒப்பந்த ஆசிரியர்களும்தான் இப்படி விடுபடுவார்கள், ஏனென்றால் அவர்களுடைய முகவரி மாறிக்கொண்டே இருக்கும், சந்தாவும் பணம் கைக்கு வரும்போதுதான் கட்ட முடியும். ஆயுள் உறுப்பினர்களின் பெயர் மட்டும் அசையாமல் இருக்கும். உங்களை நிற்கச் சொல்லும் இளையவர்கள் எத்தனை பேருக்கு உண்மையில் ஓட்டு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா?

அவர்களைப் பற்றி இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. நிற்கச் சொல்பவர்களில் எத்தனை பேர் பொருளாளராகவும் இணைச் செயலாளராகவும் நிற்கத் தயார்? மாநாட்டு அரங்கம் பிடிப்பது, ஆய்வுச் சுருக்கங்களைத் தரம் பிரிப்பது, தணிக்கைக்குக் கணக்குக் கொடுப்பது, ஆய்விதழுக்கு மதிப்பீட்டாளர் தேடிக் கெஞ்சுவது என்று சங்கப் பதவி என்பது முக்கால்வாசி குமாஸ்தா வேலை. தலைவர் நாற்காலியில் ஆள் மாறி, வேலை அதே மூன்று பெண்கள் தலையில் விழுந்தால் இந்தச் சண்டைக்கே அர்த்தமில்லை. அமெரிக்காவின் நவீன மொழிகள் சங்கத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பது இரண்டாம் துணைத் தலைவரை. அவர் அடுத்த ஆண்டு முதல் துணைத் தலைவர், அதற்கடுத்த ஆண்டு தலைவர். வேலை பழகிய பிறகே நாற்காலி வருகிறது, போகும் தேதியும் வரும்போதே தெரிந்துவிடுகிறது. பதவியை விடுவது யாருக்கும் தன்மானப் பிரச்சினை ஆவதில்லை. உங்கள் தேர்தல் அறிக்கையில் ஒரே ஒரு விஷயம்தான் எழுத முடியும் என்றால் இதை எழுதுங்கள் என்பேன்.

பதவி உயர்வு பற்றிய பயம் வீண் பயம் இல்லை. ரகசிய வாக்கு வாக்களிப்பவரைத்தான் காப்பாற்றும். வேட்பாளரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒன்று யோசியுங்கள். நீங்கள் நிற்கலாம் என்ற பேச்சு ஏற்கெனவே பரவிவிட்டது. கோபப்படுகிறவர்கள் இப்போதே கோபப்பட்டாயிற்று. நீங்கள் பின்வாங்கினால் அந்தக் கோபம் குறையும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வெளிப்படையாக, மரியாதையாகப் போட்டியிட்ட ஒருவரை நேர்காணலில் பழிவாங்குவது, காதோடு காதாகப் பேசப்பட்ட ஒருவரைப் பழிவாங்குவதைவிடக் கொஞ்சம் கடினம். கொஞ்சம்தான். உங்கள் குடும்பச் சூழலில் அந்தப் பதவி உயர்வு தள்ளிப்போனால் தாங்காது என்றால், இந்த முறை நிற்காதீர்கள். ஆனால் அப்போதும், ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் தலைவராக இருக்கக்கூடாது என்ற விதித் திருத்தத்தைப் பொதுக்குழுவில் முன்மொழியுங்கள். அடுத்த தவணையிலிருந்து அமலுக்கு வரும்படி எழுதினால் அது மேடத்தைக் குறிவைப்பதாகவும் இருக்காது. கோழைகள் விதித் திருத்தம் கொண்டுவருவதில்லை.

துரோகமா என்று கேட்டீர்கள். உங்களை வீடு தேடி வந்து இழுத்துப் போனவர், என்றைக்காவது தலைமை தாங்கும் ஒருத்தி ஆக வேண்டும் என்றுதான் இழுத்துப் போயிருப்பார். தன் நாற்காலிக்கே வருவாள் என்று நினைத்திருக்க மாட்டார், அது வேறு விஷயம். அவருக்கு வலிக்கும். அதை இல்லையென்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். பிரசாரத்தில் அவருடைய பணியைக் குறைத்து ஒரு வார்த்தை பேசாதீர்கள், உங்கள் அணியில் யாராவது பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். 'பொம்பளைங்க சேர்ந்தா சண்டைதான்' என்று சொல்லக் காத்திருக்கும் சக ஆசிரியர்கள் இருப்பார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அதற்குப் பயந்து தேர்தலே வேண்டாம் என்று ஒதுங்குவதும் அவர்களுக்குத்தான் வசதி. ஆண்கள் இரண்டு பேர் போட்டியிட்டால் அதற்கு ஜனநாயகம் என்று பெயர் வைப்பவர்கள்தானே.

தோற்றால் என்ன செய்வீர்கள் என்பதையும் மேடத்தைப் பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள். சங்கத்தை விட்டுப் போக மாட்டேன், ஏதாவது ஒரு குழுவில் வேலை செய்வேன் என்று. அவரிடமும் அதையே எதிர்பார்ப்பதாகச் சொல்லுங்கள். அவர் சிரித்தால் பாதி வேலை முடிந்தது.

போவதற்கு முன் ஒன்றே ஒன்று. பல சங்கங்களில், குறிப்பிட்ட தேதிக்குள் சந்தா கட்டியவர்கள்தான் ஓட்டுப் போடவும் வேட்புமனு போடவும் முடியும். உங்கள் சங்கத்தில் அந்தத் தேதி என்ன என்று இன்றைக்கே கேளுங்கள். இந்த ஆண்டுச் சந்தாவுக்கு எத்தனையாவது நினைவூட்டல் வந்திருக்கிறது?