உப்புக்காற்றுக்குப் போகும் இன்சுலேட்டர் பூச்சைச் சேலத்தில் சோதிப்பது எப்படி?

கேள்வி: சேலம் சூரமங்கலத்தில், மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்களுக்கு ஆர்டிவி (அறை வெப்பத்திலேயே இறுகும்) சிலிக்கோன் பூச்சு அடித்துத் தரும் பட்டறை நடத்துகிறேன். நாகப்பட்டினம் கடலோரத்துக்கு ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. பூச்சை விற்றவர் 1000 மணி நேர சால்ட் ஸ்பிரே சான்றிதழ் தந்துள்ளார். அது போதுமா? பட்டறையில் நானே எதைச் சோதிக்கலாம்?

பதில்: அந்தச் சான்றிதழ் மட்டும் போதாது. வழக்கமான சால்ட் ஸ்பிரே சோதனை, 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புக்கரைசலைத் தெளித்து, உலோகத்தின் மேலுள்ள பெயின்ட்டும் முலாமும் துருவைத் தாங்குகின்றனவா என்று பார்ப்பது. அந்த அறையில் மின்னழுத்தமே கிடையாது. இன்சுலேட்டர் கெடும் விதம் வேறு. படிந்த உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானே நீரை உறிஞ்சிக் கரைகிறது. அதன் வழியே கசியும் மின்னோட்டத்தின் சூட்டில் சில இடங்கள் மட்டும் உலர்ந்து போக, அந்த உலர்ந்த பட்டைகளின் குறுக்கே எழும் சிறு பொறிகள் பூச்சை அரிக்கின்றன. மின்னழுத்தம் இல்லாத சோதனையில் இவற்றில் எதுவுமே நிகழாது.

இங்கே குழப்பம் வர இடமுண்டு. பாலிமர் இன்சுலேட்டர்களுக்கான ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 62217 தரத்திலும் 1000 மணி நேர உப்புமூட்டச் சோதனை உள்ளது. லிட்டருக்கு 10 கிராம் உப்பு, ஆனால் மின்னழுத்தம் கொடுத்தபடியே. ஆகவே சான்றிதழில் முதலில் தேட வேண்டியது மணிக்கணக்கை அல்ல, சோதனையின்போது கொடுத்த மின்னழுத்தத்தை.

பட்டறையில் நீங்கள் பார்க்கக்கூடியது நீரை விலக்கும் தன்மை. பூச்சு முழுதாக இறுகியபின், சாதாரணத் தெளிப்புக் குப்பியால் சுமார் 25 செ.மீ. தூரத்திலிருந்து 20 முதல் 30 விநாடி தண்ணீர் தெளித்து, நிறுத்திய 10 விநாடிக்குள் பாருங்கள். நீரை விலக்கும் தன்மையை எச்சி (HC) 1 முதல் 7 வரை தரம் பிரிப்பார்கள். தனித்தனி முத்துகளாக உருண்டு நின்றால் எச்சி 1. பரப்பு முழுவதும் ஒரே நீர்ப்படலமானால் எச்சி 7.

புதிய பூச்சு எதுவும் இதில் தேறிவிடும். உண்மையான பரீட்சை அழுக்குப் படிந்த பிறகுதான். பூச்சடித்த பல மாதிரித் துண்டுகளின் பரப்பில் உலர்ந்த கயோலின் (வெண்களிமண்) பொடியைத் தடவி ஊதிவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் கயோலினும் கொஞ்சம் உப்பும் கலந்த குழம்பைப் பூசிக் காயவிடுங்கள். முதல் பொடி இல்லாவிட்டால் குழம்பு ஒட்டாமல் வழிந்துவிடும். அன்றே தெளித்தால் தண்ணீர் பரவும். நாள்தோறும் அவற்றில் இன்னும் நனைக்காத துண்டொன்றில் தெளித்து வாருங்கள். சில நாட்களில் அந்த வெள்ளை அழுக்கின் மேலேயே நீர் முத்து முத்தாக நிற்க வேண்டும். உள்ளிருந்து சிலிக்கோன் எண்ணெய் கசிந்து அழுக்கையும் போர்த்திவிட்டது என்பதே அதற்குப் பொருள். கடலோரத்தில் இன்சுலேட்டரைக் காப்பது இந்தக் குணம்தான். சோதனையில் இந்தக் குணம் தென்படாத பூச்சை நான் அங்கே அனுப்பமாட்டேன்.

ஏற்காட்டு மூடுபனியில் தொங்கவிட்டுப் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பனி நனைக்கும், மழையைப்போல் கழுவாது என்பதால் அது கடுமையான சூழல்தான். ஆனால் அங்கே உப்பு இல்லை. ஆகவே, குழம்பு பூசிய துண்டுகளை நனைத்துப் பார்க்க மட்டுமே அது உதவும்.

மின்னழுத்தச் சோதனையைப் பட்டறையில் முயலவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து. 45 டிகிரி சாய்வில் நடத்தும் ஐஇசி 60587 அரிப்புச் சோதனையையும், பூச்சடித்த முழு இன்சுலேட்டருக்கு உப்புமூட்டச் சோதனையையும் பெங்களூரு சிபிஆர்ஐ (மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற உயர் மின்னழுத்த ஆய்வகத்தில் கேளுங்கள். அதற்கென்று ஆர்டரின் அதே தொகுதிப் பூச்சை, அதே ஆள் அதே தெளிப்புத் துப்பாக்கியால் அடித்த இன்சுலேட்டர்களையே எடுத்து வையுங்கள். இன்சுலேட்டரைச் சுற்றிக் குடைபோல் விரியும் பாவாடை மடிப்புகளின் அடிப்பக்கத்தில்தான் பூச்சு மெலிந்து போகும், தனியாக அழகுபடுத்திய மாதிரியில் அது தெரியாது.